வயதுவந்த பெண்களும் ஏடிஎச்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் துறுதுறுப்பும் சார்ந்த, சிறுவயதிலேயே தொடங்கும் கோளாறு) இருக்குமோ என்று சந்தேகப்படும் பெண்களுக்கும், இருக்கிறது என்று தெரிந்தபின் அடுத்து யாரிடம் போவது என்று திணறுபவர்களுக்கும் இந்தப் பக்கம். சட்டம், மருந்துக்கடை, மருத்துவமனை பற்றிய விவரங்கள் தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மருந்தையும் அதன் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளியில் நல்ல மார்க் வாங்கினேன். எனக்கு எப்படி ஏடிஎச்டி இருக்கும்?

இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை உங்களை ஓட்டியது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஒழுங்கு. அம்மா எழுப்பிவிடுவார், வாரத் தேர்வு வரும், டியூஷனில் நோட்டைப் பார்ப்பார்கள், பரீட்சைக்கு முந்தைய ராத்திரி பயத்திலேயே படித்து முடித்துவிடலாம். ஹாஸ்டல், முதல் வேலை, கல்யாணம், முதல் குழந்தை என்று ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடுகிறது. அதோடு வீட்டில் மற்றவர்களின் நேரம், மாத்திரை, ஸ்கூல் டைரி எல்லாவற்றையும் நினைவில் வைக்கும் பொறுப்பும் வந்து சேர்கிறது. 30 வயதுக்கு மேல் "திடீரென்று இப்படி ஆகிவிட்டேன்" என்று வரும் பெண்களில் பலருக்கு இது புதிதாக வந்ததல்ல. முட்டுக் கொடுத்திருந்தவை போய்விட்டன, அவ்வளவுதான்.

சிறுமிகளிடம் அதிகம் தெரிவது கவனச்சிதறல் வகை. அவர்கள் வகுப்பில் ஓடமாட்டார்கள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் தொந்தரவில்லை என்பதால் புகாரும் வராது. துறுதுறுப்பு வகை இருந்தாலும் வளர்ந்த பிறகு அது உள்ளே போய்விடும். ஓயாமல் ஓடும் மனசு, பேச்சில் குறுக்கே விழுவது, நடுராத்திரியில் ஆன்லைனில் வாங்கிக் குவிப்பது என்று வேறு உருவத்தில் தெரியும்.

மறதி எல்லோருக்கும்தானே இருக்கிறது? எங்கே கோடு போடுகிறார்கள்?

மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் டிஎஸ்எம்-5 கையேடு (2013) இரண்டு பட்டியல்களைத் தருகிறது. கவனம் தொடர்பாக 9 அறிகுறிகள், துறுதுறுப்பு மற்றும் அவசரம் தொடர்பாக 9 அறிகுறிகள். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 5 இருக்க வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை, உறவுகள் போன்றவற்றில் இரண்டு இடங்களிலாவது வெளிப்பட்டு வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். ஆபீஸில் மட்டும் கவனம் சிதறுகிறது, மற்ற எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது என்றால் முதலில் ஆபீஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரீல்ஸ் பார்த்து எனக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. இது போதுமா?

சந்தேகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஏஎஸ்ஆர்எஸ் என்ற 18 கேள்விகள் கொண்ட படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் 6 கேள்விகளில் 4 அல்லது அதற்கு மேல் நிழலிட்ட கட்டங்களில் விழுந்தால் முழுப் பரிசோதனைக்குப் போகலாம். கவலை நோயும் தூக்கக் குறைவும்கூட இந்தப் படிவத்தில் அதிக மதிப்பெண் வாங்கித் தரும் என்பதை மறக்க வேண்டாம்.

மனநல மருத்துவரா, சைக்காலஜிஸ்டா, கவுன்சிலரா?

இந்த மூவரில் மருந்து எழுத முடிந்தவர் மனநல மருத்துவர் மட்டுமே. அவர் எம்பிபிஎஸ் முடித்து எம்டி மனநலம், டிபிஎம் அல்லது டிஎன்பி படித்திருப்பார். பரிசோதனைகள் செய்து தெரபி கொடுப்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். "கவுன்சிலர்" என்ற பலகைக்கு இப்படி ஒரே மாதிரியான கட்டாயத் தகுதி எதுவும் நடைமுறையில் இல்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள், மூன்று மாத சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் யோசனை: முதலில் மனநல மருத்துவர், பிறகு அவர் வழியாகவோ தனியாகவோ சைக்காலஜிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். அங்கே செலவு இல்லை. ஆனால் கூட்டம் அதிகம், ஒரு ஆளுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால்தான் அடுத்த பதிலில் உள்ள காகிதங்கள் முக்கியம்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

பேசத் தொடங்கினால் நாலு கிளைக்கதை வரும், முக்கியமானது விட்டுப்போகும். எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பக்கம், கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

மேல் பாதியில் இப்போதைய சிக்கல்கள், ஒவ்வொன்றும் நடந்த சம்பவமாக. "கவனமில்லை" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. "கடந்த ஆறு மாதத்தில் கரண்ட் பில்லுக்கு இரண்டு முறை அபராதம்; வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டது; மூன்று நாள் வேலையைக் கடைசி ராத்திரி உட்கார்ந்து முடித்தது" என்றால் தெரியும். கீழ் பாதியில் சிறுவயது. பழைய ராங்க் கார்டு கிடைத்தால் ஆசிரியரின் குறிப்புகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "புத்திசாலி, ஆனால் கவனக்குறைவு", "பேச்சு அதிகம்" போன்ற வரிகளுக்கு மதிப்பு உண்டு.

அம்மாவிடம் "நான் சின்ன வயசில் எப்படி இருந்தேன்?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்தே" என்றுதான் வரும். பெரும்பாலான அம்மாக்கள் அந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: எத்தனை தண்ணீர் பாட்டில் தொலைத்தேன்? என் பையை யார் அடுக்கினார்கள்? வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டியிருந்ததா? அம்மா இல்லையென்றால் அக்கா, சித்தி, பள்ளித் தோழி யாராவது போதும்.

இவற்றோடு இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், இதயநோய் அல்லது திடீர் மரணம் குடும்பத்தில் உண்டா, யாருக்காவது பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோய்) உண்டா என்ற விவரங்களும் வேண்டும். பைபோலார் இருப்பது தெரியாமல் ஏடிஎச்டிக்கான ஊக்கி மருந்தை (ஸ்டிமுலன்ட்) தொடங்கினால் மிகையெழுச்சி நிலை, அதாவது அந்த அளவுமீறிய உற்சாகக் கட்டம், கிளம்பிவிடலாம்.

"இது டிப்ரஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அப்படி இருப்பது சகஜமும்கூட. பிரித்தறிய உதவுவது காலம்தான். மனச்சோர்வு ஒரு கட்டத்தில் தொடங்கும், விடும், திரும்ப வரும். ஏடிஎச்டி சிறுவயதிலிருந்தே இழையோடும். மனச்சோர்வில் பிடித்த வேலையிலும் ஈடுபாடு போய்விடும். ஏடிஎச்டியில் பிடித்த வேலையில் சாப்பாட்டைக்கூட மறந்து மூழ்குவீர்கள், பிடிக்காத படிவத்தை நிரப்ப மூன்று வாரம் ஆகும். "மனசு சரியில்லாத நாட்கள் தவிர்த்து, நன்றாக இருந்த வருடங்களிலும் இது இருந்தது" என்று மருத்துவரிடம் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

தைராய்டு (டிஎஸ்எச்), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. நம் ஊர்ப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு மிகப் பரவலானது. அதன் சோர்வும் மந்தமும் ஏடிஎச்டி போலவே தோன்றும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

தெரபியில் என்னதான் செய்வார்கள்? பேசினால் மறதி போய்விடுமா?

வெறுமனே பேசினால் போகாது. வயதுவந்தோர் ஏடிஎச்டிக்கு ஆய்வு ஆதாரம் அதிகமுள்ள தெரபி, அதற்கென்றே மாற்றியமைக்கப்பட்ட சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒருமுறை, ஒரு அமர்வு 45 முதல் 50 நிமிடம், ஒரு சுற்று பெரும்பாலும் 12 வாரத்தை ஒட்டி முடியும்.

முதலில் ஒரு நாட்காட்டி, ஒரு பட்டியல். இரண்டும் ஒவ்வொன்றுதான் இருக்க வேண்டும். சுவர்க் காலண்டர், போன், டைரி, கையில் பேனா எழுத்து என்று நாலு இடத்தில் இருந்தால் எதையும் பார்க்கமாட்டீர்கள். பட்டியலைப் பார்க்கும் நேரத்தை ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு கட்டுவார்கள், உதாரணத்துக்குக் காலைக் காபியோடு.

பிறகு கவனத்தின் நீளத்தை அளப்பார்கள். சலிப்பான வேலை ஒன்றை ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொடங்கி, முதன்முதலாக எழுந்திருக்கத் தோன்றிய நிமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது 12 நிமிடம் என்றால் வேலைகளை 10 நிமிடத் துண்டுகளாக வெட்டுவார்கள். நடுவில் வேறு நினைவு வந்தால் பக்கத்தில் இருக்கும் தாளில் எழுதிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். துண்டு முடிந்த பிறகு அந்தத் தாளைப் பார்க்கலாம். அதில் இருப்பவற்றில் பாதி, அப்போது பார்த்தால் அவசரமே இல்லை என்று தெரியும்.

மூன்றாவது பகுதி எண்ணங்கள். "இதுகூட முடியலையே" என்ற வெட்கம் வேலையைத் தள்ளிப்போட வைக்கிறது, தள்ளிப்போட்டது குவிகிறது, குவிந்ததைப் பார்த்தால் வெட்கம் கூடுகிறது. பெண்களுக்கு இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் தேவைப்படுகிறது. சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று பல வருடம் கேட்டவர்களிடம் முதல் வாரமே திட்டமிடல் அட்டவணையைக் கொடுத்தால் அது இன்னொரு தோல்விக்கான ஏற்பாடாகத்தான் தெரியும்.

கோபமும் அழுகையும் சட்டென்று பொங்குவது பெரிய சிக்கலாக இருந்தால், உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் டிபிடி என்ற தெரபியின் பயிற்சிகளையும் சேர்ப்பார்கள்.

சரியான தெரபிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் போன் பேச்சிலேயே நாலு கேள்வி கேளுங்கள். வயதுவந்தோர் ஏடிஎச்டி பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளை மட்டுமா? ஒரு அமர்வில் என்ன நடக்கும்? வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் என்ன செய்வீர்கள்? அமர்வுக்கு நினைவூட்டல் அனுப்புவீர்களா? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் ஆளைக் காட்டும். "ஏன் செய்ய முடியவில்லை என்று சேர்ந்து பார்ப்போம்" என்பவரிடம் போகலாம். "ஒத்துழைப்பு இருந்தால்தான் பலன்" என்று தொடங்குபவரை விட்டுவிடுங்கள். கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால் சரியாகும் என்று சொல்பவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் வேண்டாம்.

தமிழில் பேச வசதியாக இருப்பவரைத் தேடுங்கள். மாமியார் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அதில் இருந்த குத்தல் காணாமல் போய்விடும்.

மூன்று முறை தெரபி தொடங்கிப் பாதியில் விட்டேன். எனக்கு ஒத்துவராதா?

பெரும்பாலும் நின்றுபோவது ஏற்பாட்டால்தான். அமர்வு ஒவ்வொரு வாரமும் வேறு நாளில் வரும், மறந்துபோகும், மறந்ததற்கு வெட்கப்பட்டு போனை எடுக்காமல் விடுவீர்கள். அல்லது வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பதால் அந்த வாரம் போகாமல் இருப்பீர்கள். மூன்றாம் நாலாம் வாரம்தான் ஆபத்தானது. புது நோட்டு வாங்கிய உற்சாகம் அப்போது வடிந்திருக்கும்.

இந்த முறை கிழமையையும் நேரத்தையும் மாற்றவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முந்தின மாலை ஒன்று, ஒரு மணி நேரம் முன்பு ஒன்று என்று இரண்டு நினைவூட்டல். வாரத்துக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம், அதையும் அமர்வின் கடைசி 5 நிமிடத்தில் அங்கேயே தொடங்கிவிட வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாத வாரம் கட்டாயம் போக வேண்டிய வாரம். பேச வேண்டிய விஷயம் அன்றைக்குத்தான் கையில் இருக்கும்.

மருந்து சாப்பிட்டால் அடிமையாகிவிடுவேனா?

இந்தியாவில் அதிகம் எழுதப்படுபவை இரண்டு. மெத்தில்ஃபெனிடேட் ஊக்கி வகை. சாதாரண மாத்திரை 3, 4 மணி நேரம் வேலை செய்யும். மெதுவாக வெளியாகும் வகை 8 முதல் 12 மணி நேரம். சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவார்கள். மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாக எடுத்துக்கொள்பவர்களுக்கு அடிமையாகும் ஆபத்து குறைவு. முன்பு மது, போதைப் பழக்கம் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடோமாக்ஸெடின் ஊக்கி வகை அல்ல. தினமும் சாப்பிட வேண்டும், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். வயதுவந்தோருக்கு வழக்கமான இலக்கு 80 மில்லிகிராம், உச்சம் 100. இரண்டாவது வாரத்திலேயே "வேலை செய்யவில்லை" என்று நிறுத்துவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது. உள்ளிருக்கும் பொடி கண்ணை எரிக்கும். மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெடின் அல்லது பராக்ஸெடின் ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு அடோமாக்ஸெடின் உடலில் அதிகமாகத் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டிவரும்.

மெத்தில்ஃபெனிடேட் பசியைக் கொல்லும். மாத்திரைக்கு முன் இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள், மதியம் பசிக்காது. மாத்திரையோடு ஸ்ட்ராங் காபி சேர்ந்தால் படபடப்பு கூடும். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றையும் அளவு ஏற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும். மருந்து இறங்கும் நேரத்தில் எரிச்சல் வரும். பலருக்கு அது பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தோடு மோதுகிறது. இதை மருத்துவரிடம் சொன்னால் வேளையை மாற்றிக் கொடுப்பார்.

ஆன்லைன் டாக்டரிடம் மருந்து வாங்கலாமா?

அடோமாக்ஸெடின் என்றால் அதற்கு வழி உண்டு. மெத்தில்ஃபெனிடேட்டுக்கு இல்லை. அது மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில், அதாவது கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் வருவது; 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல் அந்த அட்டவணை மருந்துகளைத் தொலைவழியாக எழுதுவதைத் தடை செய்கிறது. நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும். பிரிஸ்கிரிப்ஷன் இரண்டு படிகளாக இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் எடுத்து 2 வருடம் வைத்திருப்பார். இதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால் தெருமுனைக் கடையில் கிடைக்காது.

மாதாமாதம் தேதி பார்த்து, மருத்துவரைப் பார்த்து, கடையைத் தேடி வாங்க வேண்டிய ஒரு மருந்தை மறதிக்காரர்களுக்குக் கொடுப்பது என்ன வேடிக்கையோ! மாத்திரை தீர 7 நாள் இருக்கும்போதே ஒரு அலாரம் வையுங்கள். மருத்துவமனையை ஒட்டிய கடையின் எண்ணைப் போனில் சேமித்து, கிளம்பும் முன் கேட்டுவிட்டுப் போங்கள். சிங்கப்பூர், அமீரகம் போன்ற நாடுகளுக்கு இந்த மருந்தோடு போவதென்றால் முன் அனுமதி வேண்டும். டிக்கெட் போடும்போதே விண்ணப்பியுங்கள்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மருந்து வேலை செய்யாதது போல் இருக்கிறதே?

பலர் சொல்வதுதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், கவனத்துக்கு உதவும் மூளை வேதிப்பொருளான டோபமினின் செயல்பாட்டோடு தொடர்புடையது. மாதவிலக்குக்கு முன் அது இறங்கும்போது கவனமும் பொறுமையும் சேர்ந்து இறங்கலாம். இரண்டு மூன்று சுழற்சிகளுக்குத் தினமும் கவனம், கோபம், தூக்கம் மூன்றுக்கும் 10க்கு மதிப்பெண் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த வாரத்தில் வாழவே பிடிக்காத அளவுக்குப் போனால் அது பிஎம்டிடி, அதாவது மாதவிலக்குக்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாறாக இருக்கலாம். அதை உறுதிசெய்யவும் இரண்டு சுழற்சிக் குறிப்பு வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டியும் இதே சரிவு வரும். நாற்பதுகளில் முதன்முதலாகப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் இவர்கள் நிறைய.

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பேசவையுங்கள். மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும் கணக்கு.

தற்கொலை எண்ணம் வருகிறது.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உடனடி ஆபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போக வேண்டாம்.

சமையலறைதான் பெரிய பிரச்சினை. பால் பொங்குகிறது, குக்கர் கருகுகிறது.

இதற்கு மனவுறுதி தேவையில்லை, சாமான் தேவை. பாலுக்கு விசில் அடிக்கும் பால் குக்கர். மற்றதற்கு டைமர் உள்ள இன்டக்ஷன் அடுப்பு, தானாக நின்றுவிடும். விசிலை எண்ணாதீர்கள், முதல் விசில் வந்ததும் டைமரை வையுங்கள். டைமர் போனில் இருந்தால் அதை அணைக்கப் போய் இருபது நிமிடம் வாட்ஸ்அப்பில் இருப்பீர்கள். காந்தத்தோடு ஃபிரிட்ஜில் ஒட்டும் தனி டைமர் மேல். இட்லிக்கு ஊறப்போடும்போதே 4 மணி நேர அலாரம். அரைக்க முடியாத வாரம் கடை மாவு வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

டப்பாக்கள் ஒளிபுகும்படி இருக்கட்டும். கண்ணில் படாத பொருள் இல்லாத பொருள்; அதனால்தான் வீட்டில் மூன்று பாக்கெட் கடுகு இருக்கிறது. துணி மடிப்பது போன்ற வேலைகளுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும், தங்கையோடு போனில் பேசிக்கொண்டே செய்தாலும் நகரும்.

இன்னொன்று. வீட்டு வேலை முழுவதும் ஒருத்தி தலையில் இருந்தால் ஏடிஎச்டி இல்லாதவரும் மறப்பார். தெரபியின் இலக்கு அந்தச் சுமையை இன்னும் திறமையாகச் சுமப்பதாக இருக்கக் கூடாது. கணவரையும் ஓரிரு அமர்வுக்கு அழையுங்கள். "உதவி செய்கிறேன்" என்று பொதுவாகச் சொல்ல விடாமல், கேஸ் புக்கிங், ஸ்கூல் பீஸ், மருந்துக்கடை என்று முழு வேலைகளாக, நினைவில் வைப்பதையும் சேர்த்து, அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

மாமியாரிடமும் ஆபீஸிலும் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் இல்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களுக்கு இரகசியத்தை உறுதி செய்கிறது. மாமியாரிடம் நோயின் பெயரை விட நடைமுறை எளிது: "அத்தை, எனக்கு வாயால சொன்னா நிக்காது, ஃபிரிட்ஜ்ல எழுதிடுங்க." ஆபீஸிலும் நோயைச் சொல்லாமலே எழுத்தில் வேலை கேட்கலாம், பெரிய வேலைக்கு இடைக்காலத் தேதிகள் கேட்கலாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி தனிப் பெயரில் இல்லை, அதனால் அதை மட்டும் காட்டிச் சான்றிதழ் எதிர்பார்க்க முடியாது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் தரும். தெரபிக் கட்டணம் வேண்டுமென்றால் வெளிநோயாளிச் செலவு பாலிசியில் உண்டா என்று பாருங்கள்.

என் பிள்ளைக்கும் இருக்குமா?

வாய்ப்பு உண்டு. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. பிள்ளையைப் பரிசோதிக்கும்போதுதான் தன்னையே அடையாளம் காணும் அம்மாக்கள் ஏராளம். அப்படியானால் பிள்ளையின் சிகிச்சை நன்றாக நடக்க உங்களுடையதும் நடக்க வேண்டும்; நேரத்துக்கு மருந்து கொடுப்பதும் ஸ்கூல் டைரி பார்ப்பதும் உங்கள் கையில்தான் வந்து நிற்கும். இருவருக்கும் ஒரே தெரபிஸ்ட்டை வைக்காதீர்கள். உங்கள் 50 நிமிடம் பிள்ளையின் ஹோம்வொர்க்கைப் பற்றிப் பேசியே தீர்ந்துவிடும்.